போர்ட் வெல்டுக்குக் கம்பளி கொண்டு போனது

வாங்க, எல்லோரும் சௌக்கியந்தானா? உங்கள் பக்கம் மழை உண்டா? எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லத் தோட்டத்துக் கிராணி எழுதுகிறார். போர்ட் வெல்ட் கடலுக்குப் போக நினைப்பவர்களுக்காக இது.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை பாவாயியை அங்கே அழைத்துப் போனேன். அவள் புருஷன் சடையன் ஊருக்குப் போய்க் கப்பலில் திரும்பும்போது நடுக்கடலில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டான். சாக்கில் வைத்துத் தைத்து, காலில் இரும்பு கட்டிக் கடலில் இறக்கிவிட்டார்கள். எங்கள் ஊர்க் காவிரி, மூழ்கியவனை மூன்றாம் நாள் கரையில் போட்டுவிடும். கடலும் அப்படித்தான் என்று நம்பினாள் பாவாயி. நாலு மாதமாகத் தாலியை இறக்கவில்லை, கருமாதிக்கும் விடவில்லை. செத்தவன் ஒரு பிடி சோற்றுக்கு அலைகிறானே என்று எனக்குத் தூக்கமில்லை.

காலை ஐந்து மணிக்குக் கோப்பெங்கில் மோட்டார் பஸ். ஈப்போ பன்னிரண்டு மைல். அங்கே புந்தோங்கில் சோற்றுக்கடை வைத்திருக்கும் காதர் பாயும் சேர்ந்துகொண்டார். முன்பு கப்பலில் வேலை பார்த்தவர். அவர் கடை மீன்குழம்பைப் பற்றியே ஒரு நாள் பேசலாம், இருக்கட்டும். ஈப்போவில் ரயில் ஏறி, தைப்பிங்கில் மாறினால் எட்டு மைலில் போர்ட் வெல்ட்.

படித்துறையில் பாவாயி கேட்டாள்: "பாய், எங்க வீட்டுக்காரரு இந்தப் பக்கம் ஒதுங்குவாரா?"

"மாட்டாரு தங்கச்சி. மேல் தண்ணி காத்துக்கு ஓடும். அடித்தண்ணி வேற. தெக்கே பனிக்கட்டி தேசத்துல தண்ணி குளுந்து, கனத்து, அடிக்கு எறங்கிரும். அப்புறம் நம்ம கடலுக்குக் கீழ மெல்ல நடந்து வரும். அது மேல ஏறி வர நம்ம ஆயுசு பத்தாது."

"கீழ போயிப் பாத்துட்டு வந்தீங்களாக்கும்!" என்றேன்.

"தொட்டேன் லா! கடலை அளக்குற தொரைமாரு கப்பல்லேருந்து கம்பியில குடுவை கட்டி எறக்குவாங்க, நாந்தான் சுத்தி இழுப்பேன். மேல்தட்டுல கால் வைக்க முடியாத வெயிலு. குடுவைத் தண்ணி வெரலைக் கடிச்சிருச்சு. அந்தக் குளுந்த தண்ணி நடக்காம நின்னா, சூடு, மழை எல்லாம் எடம் மாறிப்போவும்னாங்க."

பாவாயி மழையைப் பற்றிக் கேட்கவில்லை.

"அவ்வளவு குளிரா பாய்?"

"ஆமா தங்கச்சி."

உடம்பு ஒதுங்கினால் போர்த்தக் கொண்டுவந்த கம்பளியை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். ஏற்றத்தண்ணீர் அதைப் படிக்கே தள்ளியது. மறுபடியும் விட்டாள். மறுபடியும் வந்தது. இரும்பு கட்டியவர்களை நாலு மாதமாகச் சபித்தவள், என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கல்லு கட்டு."

ரயில் பாதைக் கல் இரண்டை வைத்துக் கட்டினேன். அவள் விட்டாள். மூழ்கிப்போயிற்று. அங்கே ஆழம் கிடையாது, வெறும் சேறு. பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரயிலில் அவளாகவே கருமாதிக்கு நாள் கேட்டாள். இன்றைக்குத்தான் அது.

போகிறவர்கள் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள், வற்றினால் சேறுதான். குடிக்கத் தண்ணீர் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். படியில் பாசி உண்டு. திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடனே கேட்டு வைத்துக்கொண்டால், பிறகு...

"அண்ணே! எலை போட்டாச்சு. மொதப் பிடி நீதான் வைக்கணும், வா!"