முகாமில் என் தங்கைக்கு வைத்த பேர்

என் தங்கை மாதக்கணக்கில் மாத்திரை போடவில்லை என்பது, அவள் உப்புப் பாத்தியில் வலிப்பு வந்து விழுந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பக்கக் கன்னம் முழுக்கச் சிராய்ப்பு. அதில் உப்புத் தண்ணீர் வேறு. துடித்துப் போனாள்.

"ஏன்டி நிறுத்துன?" என்று கத்தினேன்.

"அந்த முகாமுக்கு என்னால போவ முடியாதுக்கா."

மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாதம் ஒருமுறை இலவச மருத்துவ முகாம் நடக்கிறது. அவளுக்கு மாத்திரை அங்கேதான். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பெண்ணுக்காவது ஊர் அம்மன் பேரை வைத்துவிடுவது வழக்கம். தங்கைக்கும் அதே பேர்தான். அதனால் யார் எவர் என்று தெரிய, முகாமில் சீட்டுப் பார்த்துக் கூப்பிடுகிறவர், பேரோடு வியாதியையும் சேர்த்துக்கொள்வார். சுகரு, டி.பி., வலிப்பு. அதுவும் மைக்கில்! மண்டபத்தில் பாதிப் பேர் எங்கள் உப்பளத்து ஆட்கள். தங்கையை அவர் அப்படிக் கூப்பிட்ட மறுநாளே அளத்தில் தண்ணீர் குடிக்க அவளுக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டார்கள். வலிப்பு ஒட்டிக்கொள்ளுமாம்.

இந்த மாதம் நானே அவளை இழுத்துக்கொண்டு போனேன். நேராக அந்த ஆளிடம் போய் நின்றேன்.

"ஏங்க, தெருப் பேரச் சேத்துக் கூப்பிடக் கூடாதா? புருஷன் பேரு இல்லியா?"

"இருக்குற கூட்டத்துல தெருவ வேற கேட்டுக்கினு இருக்கணுமா? உள்ள வியாதியத்தானம்மா சொல்றேன். பொய்யா சொல்றேன்?"

"உங்க வீட்டுப் பொண்ணுன்னா இப்பிடி மைக்குல சொல்லுவீங்களா?"

முறைத்தார். தங்கையின் முறை வந்ததும் வெறும் பேரை மட்டும், 'அம்மா' போட்டு, இழுத்துக் கூப்பிட்டார். வேண்டுமென்றே செய்தார், பாவி மனுஷன். மண்டபத்தில் நாலு பக்கமும் பெண்கள் எழுந்தார்கள். "நானா?", "நானா?" என்று ஆளாளுக்குக் கேட்க, எல்லோருக்கும் சிரிப்பு. "இப்ப என்னம்மா பண்ணலாம்?" என்று அவர் மைக்கிலேயே என்னைக் கேட்டார்.

தெருவைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை எழுந்துவிட்டாள்.

"வலிப்புக்கு மாத்திர வாங்க வந்தது நான்தாங்க."

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கி உடைக்க வேண்டும்போல் இருந்தது. அவள் பாட்டுக்கு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் சீட்டைப் படித்தார். "எபிலெப்ஸி கேஸா? மாத்திரைய விடாதீங்க" என்றார். சீட்டிலேயே மாத்திரை எழுதிக் கையில் கொடுத்தார். அதற்குள் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஸ் ஏறும்போது தங்கை சொன்னாள்.

"அடுத்த மாசம் நீயே போய் வாங்கியாந்துடுக்கா. நான் வரல."

"அது எப்பிடிடி? டாக்டரு உன்னப் பாக்க வேணாமா?"

"இன்னிக்கி மட்டும் எங்க பாத்தாருக்கா?" என்றாள்.