மூன்றாவது வரிசையில் மெர்லின்

நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கும் பெனடிக்ட்டுக்கு ஆட்களை அடையாளம் காண முகம் தேவையில்லை, நடை போதும். இருபத்தாறு வருடமாக ஹெல்மெட்டும் மூக்கை மறைத்த துண்டுமாகத்தானே எல்லோரையும் பார்க்கிறார்! புழுதிக்குள் நூறடி தள்ளி ஒருவர் வந்தாலும் பேரைச் சொல்லிவிடுவார். இதுவரை தப்பியதில்லை.

அந்தத் தைரியத்தில்தான் மகளைத் தேடி, மனைவி மேரிசெல்வியோடு பண்ருட்டிக்குக் காலைக் காட்சி பார்க்கப் போனார்.

மெர்லின் சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்குக் கூட்டத்தோடு ஆடியவள். ஆடிய முதல் படம் வெளிவருவதற்கு எட்டு மாதம் முன்பே, ஒத்திகை முடிந்து திரும்பும் வழியில் லாரி மோதிச் செத்துப்போனாள். பெனடிக்ட் அழவில்லை. அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் ஷிப்டுக்குப் போனார். கல்நெஞ்சுக்காரன் என்று குடியிருப்பு பிளாக்கில் பேசிக்கொண்டார்கள். அவருக்கே அந்தச் சந்தேகம் உண்டு. பசித்தது, சாப்பிட்டார்; படுத்தால் தூங்கினார். உள்ளே மட்டும் மரத்துக் கிடந்தது. திரையில் அவளை ஒருமுறை பார்த்துவிட்டால் அழுகை வந்துவிடும் என்று நம்பினார்.

படம் இருக்கிறதே, அது ஒரு கண்றாவி. கதையைத் தீப்பெட்டியின் முதுகில் எழுதிவிடலாம். கதாநாயகனுக்கு அழுதாலும் சிரித்தாலும் ஒரே மூஞ்சி. ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டால் திரை முழுக்க விளக்கும் நெருப்பும் தண்ணீருமாக அமர்க்களம். தியேட்டரே விசிலடித்தது.

மெர்லின் கடைசிப் பாட்டில் இருக்கிறாள் என்று அவளோடு ஆடிய பெண் போனில் சொல்லியிருந்தாள். அந்தப் பாட்டும் வந்தது. இருநூறு பெண்கள், எல்லோருக்கும் வெள்ளி நிறத்தில் முகமூடி. முகமூடிதானே என்று பெனடிக்ட் கலங்கவில்லை, கால்களைப் பார்த்தார். ஆறு வயதில் அவருடைய சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது சக்கரத்தில் குதிகால் மாட்டியதிலிருந்து மெர்லின் இடது காலை லேசாக இழுத்துத்தான் நடப்பாள். தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வரிசையாகத் தேடினார். இழுக்கிற கால் ஒன்றுகூட இல்லை. பாட்டு முடிந்துவிட்டது.

“காணமே. வெட்டிட்டானுங்க போல” என்று திரும்பினார்.

மேரிசெல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“மூணாவது வரிசையில ஓரத்துல, எல்லாரையும் விட ஒசக்க குதிச்சாளே, அவதாங்க.”

“அவளுக்குக் கால் இழுக்கலியே.”

“ஆடறப்ப அவ எப்பங்க கால இழுத்தா? நான் ஸ்கூல் ஆண்டு விழாவுலேர்ந்து பாத்துகினு இருக்கேன். நீங்கதான் ஒரு வருசமும் வரல. ஷிப்டு ஷிப்டுன்னு போயிட்டீங்க.”

மகள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. இவ்வளவு பெரிய திரையில் காட்டியும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

“அந்தப் பாட்டு மறுபடியும் வருமா?”

“வராதுங்க.”

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். ஆட்டத்தைப் புகழ்ந்துகொண்டும் கதையைத் திட்டிக்கொண்டும் கூட்டம் வெளியேறியது. இரண்டு மணிக்கு அவருக்கு ஷிப்டு. மேரிசெல்வி பஸ்ஸுக்கு நடந்தாள். கூட வருகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தால், மதியக் காட்சிக்கு டிக்கெட் வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

“இன்னாங்க, ஷிப்டு?”

“போவல” என்றார். கண் காய்ந்துதான் இருந்தது. “மூணாவது வரிசையில எந்த ஓரம்? எடதா, வலதா?”