பைக்குள் இரையும் விசிறி

1. பொறியியலாளர் சேரின் மடிக்கணினி தோசைக்கல்லாகச் சுட்டது. அதன் விசிறி அடுத்த அறைவரை இரைந்தது.
2. பின்னணியில் ஒரு சிறு நிரல் செயலியை முழுதாகத் தின்றுகொண்டிருந்தது. அழித்தேன்.
3. மறுநாள் அது மீண்டும் இருந்தது. வைரஸ் என்று எண்ணி, கணினி முழுவதையும் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன்.
4. திங்களன்று மறுபடியும் இருந்தது. மறுபடியும் அழித்தேன்.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. மாத்தளையில் ஓர் அரச கந்தோரில் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சேர் யாழ்ப்பாணத்துக்காரர், சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "யாரு சேர் இத திரும்பத் திரும்பப் போடுறாங்க?" என்று கேட்டால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். "உங்கட படிப்புக்கே பிடிபடேல்லை, எனக்கெங்க பிள்ளை விளங்கும்?"

நான் கடைசியாக அழித்த மறுநாள் இருவரும் வேலையாகப் பக்கத்து ஊரான நாலந்தாவுக்கு பஸ்ஸில் போனோம். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சேரின் அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் படித்த சிப்பாய், கணினியைத் திறந்து காட்டச் சொன்னான். திரை கறுப்பாகவே இருந்தது. சேர் பொத்தானை அழுத்தினார். அந்தப் பழைய இயந்திரம் எழும்புவதற்குள் ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்துவிடலாம். உள்ளே குண்டோ என்று சிப்பாய் இரண்டடி விலகி நின்று இன்னொருவனைக் கூப்பிட்டான். சேரை மணல் மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நடத்துநர் பொறுமையிழந்து மணியடிக்க, பஸ் எங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் போய்விட்டது. அத்தனை சிங்களம் தெரிந்தவர் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒருவழியாகத் திரை ஒளிர்ந்தது. போகச் சொன்னார்கள்.

"உங்கட திருத்தம் நல்லா வேலை செய்யுது, பிள்ளை" என்றார் சேர், வெறுந்தெருவைப் பார்த்தபடி.

பிறகுதான் சொன்னார். முன்பொரு முறை இதேபோல் கணினி எழும்பத் தாமதித்ததால் அவரை இரவெல்லாம் அடைத்து வைத்திருந்தார்களாம். அதன் பிறகு மருமகன் எழுதிக் கொடுத்த நிரல் அது. யாரோ விசைகளைத் தட்டிக்கொண்டே இருப்பதாக நம்பவைத்து, மூடி வைத்தாலும் கணினியைத் தூங்கவிடாது. நான் அழிக்க அழிக்கத் திரும்பப் போட்டவர் சேரேதான்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் சேர் அழிக்கப்போறேன்?"

"பயத்தைக் கந்தோரில எப்படிப் பிள்ளை சொல்லுறது?"

அன்று மாலையே நிரலைச் சேரிடம் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தேன். மூச்சு விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. தட்டலுக்குத் தட்டல் சிறு ஓய்வு வைத்தேன். கணினி விழித்தே இருந்தது, செயலி குளிர்ந்தது, விசிறி அடங்கியது. அதைவிட நேர்த்தியாக நான் எதையும் திருத்தியதில்லை.

மறுநாள் காலை பையோடு வந்து நின்றார். "சத்தம் இல்லையே, பிள்ளை."

சாவடி நெருங்கும்போது மடியிலிருக்கும் பையில் காதை வைத்துக் கேட்பாராம். இரைந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "இப்படியே சூடேறினா மெஷின் செத்துரும் சேர்" என்றேன்.

"அது செத்தால் வேற வாங்கலாம்."

பழையதையே போட்டுக் கொடுத்தேன்.

அந்தச் சாவடி இப்போது இல்லை. பழைய கணினியும் செத்துப்போயிற்று. ஓய்வுபெற்ற சேர் சென்ற மாதம் புதியது ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். பையைத் திறக்குமுன்பே அந்த இரைச்சல் கேட்டது. வேறு சில கோளாறுகளைத் திருத்தினேன். அந்த நிரல் அப்படியே இருக்கிறது.