மிளகு கழுத்தில் பழைய நம்பர்

கோவில்பத்தில் இனியாவின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தயார் செய்துகொண்டு போவார்கள். ஒன்று ஆதார் நகல். இன்னொன்று திட்டு வாங்க மனசு. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பத்து நாள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தும் நகராத காரியத்தை அவள் பத்தே நிமிஷத்தில் முடித்துக் கையில் கொடுத்துவிடுவாள். ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அதற்கு முன்னால் எவரும் நிற்க முடியாது.

அம்பகரத்தூரில் பிறந்தவள். பி.காம். முடித்து, தினம் பஸ் ஏறி வந்து டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவள். மின்துறையில் இருக்கும் செம்பியனைக் கட்டிக்கொண்டு கோவில்பத்துக்கு வந்தபின் சொந்தமாகக் கடை போட்டாள். பதினோரு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்கென்று அவளிடம் தனியாக ஒரு திட்டு உண்டு.

அவளுக்கு ஆகவே ஆகாத ஜாதி ஒன்று உலகத்தில் இருந்தது என்றால், போன் நம்பரை மாற்றிவிட்டு ஆதாரில் மாற்றாதவர்கள்தான். அப்படி ஓர் ஆள் வந்து உட்கார்ந்து, ஓ.டி.பி. எங்கேயோ செத்துப்போன நம்பருக்குப் போய்விட்டால் தொலைந்தது. நெடுங்காட்டிலிருந்து காத்தமுத்து என்று ஒரு பெரியவர் விவசாயத் தொழிலாளர் அட்டையைப் புதுப்பிக்க வந்தார். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். “சிம்மு மாத்தத் தெரியுது, இதை மாத்தத் தெரியாதா? உங்களுக்கு ஒரு தடவ சொன்னாப் புரியாதா பெரியவரே? உங்கள மாதிரி ஆளுங்களாலதான் எனக்குத் தலைவலியே!” என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். அந்த மனுஷன் தோள்துண்டை எடுத்து மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, “தப்புதாம்மா” என்று நின்றார். இது நடந்து இரண்டு மாசம் இருக்கும்.

இப்படிப்பட்டவள் தன் நம்பரை மாற்றினால் எப்படி மாற்றியிருப்பாள்? நேரம் காலம் இல்லாமல் கூப்பிடுகிறார்கள் என்று போன தை மாசம் புது நம்பர் வாங்கினாள். ஒரே நாளில் பாங்க், காஸ், ரேஷன், ஆதார், இன்சூரன்ஸ், கடைப் பலகை, எல்லாம் மாறியது. ஒரு வாரம் அதையே வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டாள். பழைய நம்பர் அதுபாட்டுக்குச் செத்தது.

மாறாதது ஒன்றே ஒன்று. வீட்டில் மிளகு என்று ஒரு கருப்பு நாய் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மழையில் சாக்கடை ஓரம் நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டியைச் செம்பியன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து அவனுக்கு அது உயிர். காணாமல் போனால் யாராவது கூப்பிட வேண்டுமே என்று பெயர்ப்பலகை வெட்டுகிற கடையில் இனியாவின் நம்பரை ஒரு பித்தளைப் பில்லையில் வெட்டிக் கழுத்துப் பட்டையில் மாட்டியிருந்தான். நம்பர் மாறியதும் அவனே இரண்டு தடவை ஞாபகப்படுத்தினான்.

“மிளகு பில்லையில நம்பர மாத்தணுமே இனியா.”

“மாத்தலாம், மாத்தலாம். மிளகு என்ன பாங்க்ல கணக்கா வச்சிருக்கு? நாளைக்கு டவுனுக்குப் போறப்ப வெட்டிட்டு வந்துடுறேன், விடுங்க.”

அவன் விட்டுவிட்டான். இனியா சொன்னால் செய்துவிடுவாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. அவளும் டவுனுக்கு இருபது தடவை போனாள், இருபது தடவையும் மறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெருவில் ஒரு சாவு. ஊர்வலம் முக்கு திரும்பும்போது வெடி போட்டார்கள். மிளகு கேட்டைத் தாண்டிப் போன திசை தெரியவில்லை. ராத்திரி செம்பியன் அவளைத் தேற்றினான். “கழுத்துலதான் உன் நம்பர் இருக்கே. யாராச்சும் கூப்புடுவாங்க. போன பக்கத்துலயே வச்சுக்க.” அந்த இடத்திலேயே அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது, ஆனால் ஊரையே திட்டுகிற வாய்க்கு அது மட்டும் வரவில்லை. மறுநாள் நோட்டீஸ் அடித்து ஒட்டலாம் என்றான். அதையும் தட்டிக்கழித்தாள். நோட்டீஸ் ஒட்டினால் ஊருக்கே தெரியும், கழுத்தில் நம்பர் இல்லையா என்று ஒரு ஆள் கேட்பான், அப்புறம் மானம் போகும். செம்பியன் லீவு போட்டுவிட்டு பைக்கில் சுற்ற ஆரம்பித்தான். சாப்பிட உட்கார்ந்தால் அவள் போனையே பார்ப்பான்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி. கடையில் ஐந்தாறு பேர். நடுநாயகமாக ஆஸியா பீவி உட்கார்ந்திருந்தார். துபாயில் இருக்கும் மகன் நம்பர் மாற்றியதை எங்கேயும் பதியாததால், அவருக்கு அப்போதுதான் அர்ச்சனை நடந்து முடிந்திருந்தது.

“நான் என்னா செய்ய புள்ள? அவன் அங்கேருந்து மாத்திட்டான். எனக்கே நாலு நாள் கழிச்சுத்தான் சொன்னான்” என்றார் ஆஸியா பீவி.

“மாத்துறவங்களுக்குப் பொறுப்பு வேணும்மா. பழைய நம்பர வச்சுக்கிட்டு எவன் என்னா செய்ய முடியும்?”

சொல்லி வாயை மூடவில்லை, காத்தமுத்து படியேறினார். அவரைக் கண்டதும் இனியாவுக்கு, சரி, இன்னொரு கேஸ் என்றுதான் தோன்றியது. அவர் துண்டு முனையில் முடிந்திருந்ததை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். பித்தளைப் பில்லை.

“வாய்க்கா மேட்டுல ஒரு நாய் வந்து படுத்துருந்துச்சும்மா. கருப்பு. ஒரு காது மடிஞ்சிருக்கு. காலுல அடி, மஞ்சப்பத்து போட்டுக் கட்டி வச்சிருக்கேன். இந்த நம்பருக்குப் போட்டா போக மாட்டேங்குது. உங்களுக்குத்தான் நம்பரெல்லாம் தெரியுமே. யாருதா இருக்கும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுறீங்களா?”

முதல் நாலு எண்ணைப் படித்ததுமே இனியாவுக்குத் தெரிந்துவிட்டது, தன் பழைய நம்பர். மிளகு உயிரோடு இருக்கிறது! எழுந்து அந்த மனுஷன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல ஒரு வேகம். அதே நொடியில் கண் நிமிர்ந்தது. ஆஸியா பீவி பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இதே தப்புக்காக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்.

“தெரியலைங்க” என்றாள்.

காத்தமுத்து நகரவில்லை. “நல்லாப் பாருங்கம்மா. தெரிஞ்சவங்க யாரோடதாவது இருக்கப் போவுது.”

“பாத்துட்டேன், தெரியலை. நம்பரு உபயோகத்துல இல்ல. யாராவது வேணாம்னு விட்டுட்டுப் போயிருப்பாங்க.”

பெரியவர் அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். “அப்படியா, சரிங்கம்மா” என்று பில்லையைத் திரும்ப முடிந்துகொண்டு படியிறங்கினார்.

இனியா மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். இவர் விலாசம் பழைய விண்ணப்பத்தில் இருக்கிறது. கூட்டம் கலையட்டும், ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டியில் போய் ஓசைப்படாமல் அழைத்துவந்துவிடலாம், வழியில் கிடைத்தது என்று செம்பியனிடம் சொல்லிக்கொள்ளலாம். புத்திசாலித்தனம்தான், வேறென்ன சொல்வது. கூட்டம் கலைந்தால்தானே? சர்வர் படுத்துக்கொண்டது, ஒருத்தரும் எழுந்து போவதாயில்லை.

பன்னிரண்டரைக்குச் செம்பியன் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

“இனியா, பைபாஸ் பக்கம் ஒரு கருப்பு நாய் அடிபட்டுக் கெடக்காம். ஒருத்தர் சொன்னாரு. நான் போறேன். நீயும் வர்றியா? தனியாப் போய்ப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

அது மிளகு இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவள். ‘போகாதீங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘எப்படித் தெரியும்’ என்று அவன் கேட்பான். மேசைக்கு எதிரே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“கடையில ஆளு இருக்குங்க. நீங்க போய்ப் பாருங்க” என்றாள்.

போனை வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள், முடியவில்லை. “எல்லாரும் எந்திரிங்க. இன்னைக்குக் கடை இல்ல” என்று ஷட்டரை இறக்கினாள்.

நெடுங்காட்டில் காத்தமுத்து வீடு வாய்க்காலை ஒட்டி இருந்தது. மிளகு வேப்பமரத்தடியில் ஒரு கால் கட்டோடு படுத்திருந்தது. ஸ்கூட்டி சத்தம் கேட்டதுதான் தாமதம், மூன்று காலில் தாவி வந்து அவள் மேல் விழுந்து, முனகி, முகத்தையெல்லாம் நக்கித் தீர்த்துவிட்டது. அது என்ன கண்டது, தான் யாருடைய நாய் என்று தெரியாது எனக் காலையில் சொன்னவள் இவள்தான் என்பதை? காத்தமுத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இனியாவுக்கு அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அப்படியே பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலாம் என்றிருந்தது.

“ஐயா, இது என் நாய்தாங்க.”

“தெரியும்மா.”

அவள் நிமிர்ந்தாள்.

“அந்த நம்பரப் போட்டதும் போன்ல உங்க பேரு வந்துச்சு. போன வருசம் மொதத் தடவ வந்தப்ப நீங்கதான் என் போன வாங்கி உங்க நம்பரப் போட்டுக் கொடுத்தீங்க, வர்றதுக்கு முன்னாடி கூப்புடச் சொல்லி. மருமவ படிச்சுச் சொல்லுச்சு. அதான் பஸ் ஏறி நேராவே வந்தேன்.”

“அப்பறம் ஏன்யா யாருதுன்னு கேட்டீங்க?”

“கடையில நாலு பேரு இருந்தாங்க. அவங்களுக்கு முன்னாடி, பழைய நம்பரக் கட்டி விட்டுருக்கீங்களேன்னு கேட்டா உங்களுக்குச் சங்கடமாப் போயிடும்ல? நாலு பேரு மத்தியில நிக்கிறது எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. அதான் சுத்தி வளச்சுக் கேட்டேன். நீங்க தெரியலைன்னதும், சரி, வேணாம்னு விட்டுட்டீங்க போலன்னு நெனச்சுட்டேன்.”

அவர் குத்திச் சொல்லவில்லை. குத்திச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். மிளகின் பட்டையில் பித்தளைப் பில்லை இல்லை. மருந்து டப்பா மூடியில் ஓட்டை போட்டு, அழியாத மையில் அவருடைய நம்பரை எழுதிக் கட்டியிருந்தது. கடையிலிருந்து வந்தவுடனே செய்திருக்கிறார்.

“நம்மகிட்ட இருக்கப் போவுது, மறுபடி எங்கயாச்சும் ஓடிட்டா என்னா பண்றதுன்னு மாத்துனேன். அவுத்துடவாம்மா?”

“வேணாங்கய்யா” என்றாள் இனியா. அழுகை வந்துவிட்டது. “அன்னைக்கு உங்கள அப்படிப் பேசினேனே.”

“அட விடுங்கம்மா. எப்பவோ நடந்தது.” அவர் நாயைத் தூக்கி ஸ்கூட்டியின் முன்பக்கம் வைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போனபோது செம்பியன் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு உட்கார்ந்திருந்தான். மிளகைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதான். நாற்பத்து நாலு வயசு ஆம்பளை அப்படி அழுது அவள் பார்த்ததில்லை. “நசுங்கிக் கெடந்துச்சு இனியா. அடையாளம் தெரியலை. பொரட்டிப் போட்டு, காதப் புடிச்சு மடிஞ்சிருக்கான்னு பாத்தேன். யாரு வீட்டுதோ பாவம், மண்ணத் தோண்டிப் புதைச்சுட்டு வந்தேன்” என்றான். நாயை மடியில் போட்டுத் தடவியவன் மூடியைப் பார்த்தான். “யாரு நம்பரு இது?”

“நெடுங்காட்டுல ஒரு பெரியவரு. அவருதான் வச்சிருந்தாரு.”

அவன் உடனே போட்டான், ஸ்பீக்கரில். ஐயா, உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும் என்று என்னென்னவோ சொன்னான். மறுமுனையில் காத்தமுத்து கூச்சத்தோடு சிரித்தார்.

“நான் என்னங்க செஞ்சேன்? உங்க வீட்டம்மாதான் அங்க இங்க விசாரிச்சு, அலைஞ்சு, எப்புடியோ கண்டுபுடிச்சு வந்துட்டாங்க. பாவம், வந்து ஒரே அழுவ. நல்லவங்க தம்பி.”

செம்பியன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். எவ்வளவு பெருமை அந்தப் பார்வையில்! இனியா அப்படியே விட்டிருக்கலாம். அந்தப் பெரியவர் தானாகவே ஒரு பொய்யைச் சொல்லி அவளைக் கரையேற்றிவிட்டார். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தான் வாயில் வந்தபடி ஏசிய ஒரு மனுஷனின் தயவில் நல்ல பெயர் எடுப்பதா? அவளால் முடியவில்லை.

“அவரு எனக்காகப் பொய் சொல்றாருங்க” என்றாள். “பில்லையில நான் நம்பரே மாத்தல. அவரு காலையில கடைக்கே வந்தாரு, பில்லையக் கையில குடுத்து யாருதுன்னு கேட்டாரு. எல்லாரும் இருந்தாங்கன்னு தெரியலைன்னு சொல்லிட்டேன்.”

போனில் பெரியவர் “அம்மா, விடுங்கம்மா” என்றார்.

செம்பியன் போனை வைத்தான். பிறகு கேட்டான். “அவரு வந்தப்ப மணி என்னா?”

“பதினொண்ணு.”

“நான் உனக்குப் போன் பண்ணப்ப பன்னண்டரை” என்றான்.