கடவுள் மிச்சம் வைத்த ஆள்

அந்த லிஃப்ட் மெக்கானிக் நல்ல ஒல்லி. சட்டைப்பையில் எந்நேரமும் நூல் கட்டி நேர் பார்க்கும் தூக்குக்குண்டோடு திரிந்ததால் கம்பெனியில் அவருக்குக் 'குண்டு' என்று பெயர் விழுந்தது. புதிதாகச் சேருகிறவர்கள் ஆளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நாற்பத்தொரு வயதுவரை சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை. சூதாட்டம் பாவம் என்று வழிபாட்டுக் கூடத்தில் கேட்டு வளர்ந்தவர்.

அந்த வருஷம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் பழைய லிஃப்டைப் பழுதுபார்க்கும்போது வடம் அறுந்து நாலு மாடி கீழே விழுந்தது. உள்ளே இரண்டு பேர். பதினெட்டு வருஷம் கூட வேலை பார்த்த கூட்டாளி அங்கேயே போய்விட்டார். குண்டுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு சரி.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள்: "கடவுள் உன்ன எதுக்கோ மிச்சம் வச்சிருக்காரு."

அந்த 'எதுக்கோ' அவரைத் தூங்கவிடவில்லை.

பக்கத்துக் கட்டில்காரர் செல்போனில் குதிரைப் பந்தயம் பார்க்கிறவர். "பொழச்சு வந்த ஆளு, ஒரு நம்பர் சொல்லுங்க பாப்போம்" என்றார் விளையாட்டாக. குண்டு கண்ணை மூடினார். ஏழு என்று வந்தது. ஏழாம் குதிரை ஜெயித்தது.

வீடு திரும்பியதும் தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். குருட்டாம்போக்கில் கட்டினால்தான் சூது. கடவுளிடம் கேட்டுக் கட்டினால் அது கீழ்ப்படிதல். சனிக்கிழமை மதியம் பந்தயக் கடைக்குப் போவார், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்துக்குப் போவார். ஜெயித்த வாரம் நன்றி சொன்னார். தோற்ற வாரம் இன்னும் அதிக நேரம் மண்டியிட்டார்.

ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் மனைவிதான் கேட்டாள். "ஜெயிச்சா அவரு குடுத்தாருங்கறீங்க. தோத்தா சோதிக்கிறாருங்கறீங்க. அப்போ போதும் நிறுத்துன்னு உங்களுக்குச் சொல்லணும்னா அவரு என்னதாங்க பண்ணுவாரு?"

"உனக்கு நம்பிக்கை பத்தாது" என்றார் குண்டு. சேமிப்பு கரைந்தது.

அப்போதுதான் அந்த 'எதுக்கோ' அவருக்குப் பிடிபட்டது. செத்துப்போன கூட்டாளியின் குடும்பத்தைக் கரையேற்றத்தான் கடவுள் தன்னை மிச்சம் வைத்திருக்கிறார். தனக்காகக் கேட்டதால்தான் இதுவரை தோற்றது. நேரே கூட்டாளியின் மனைவியிடம் போனார்.

"நஷ்ட ஈட்டுப் பணத்துல பாதி குடும்மா. ரெண்டு மடங்கா கொண்டு வந்து தரேன். என் சுயநலத்துக்கு இல்ல, உன் பிள்ளைக்கு."

அவள் அவரைப் பார்த்தாள். அந்த லிஃப்ட் பள்ளத்திலிருந்து உயிரோடு ஏறி வந்த மனிதர் கண்முன்னே உட்கார்ந்திருக்கிறார். அவளும் நம்புகிறவள்தான். கொடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வேண்டிக்கொண்டு கட்டினார். மூன்றே சனிக்கிழமைகளில் மொத்தமும் போனது.

அவர் சொல்ல வந்தபோது அவள் வாசலில் மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் போச்சும்மா. கடவுள் என்னைச் சோதிக்கிறாரு."

அவள் நிமிரவில்லை. "உங்களச் சோதிக்க என் காசா அண்ணே?"

இன்னும் நாலைந்து முறை காற்றடித்துவிட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. லிஃப்ட் விழறப்போ எங்க வீட்டுக்காரரு சாமி கும்பிட்டாரா?"

"கும்பிட்டான். சத்தமா."

"நீங்க?"

பொய் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டார். "டூல்ஸ் பையப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். எதுவும் தோணல."

அவள் பம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவை அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் மூடினாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இப்போது சம்பளம் முழுக்க மனைவி கைக்குப் போகிறது. அதில் ஒரு பங்கை அவளே மாதாமாதம் கொண்டுபோய் அந்த வீட்டில் கொடுக்கிறாள். குண்டு வரக்கூடாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டாள். கூடத்துக்குப் போவதை அவர் விடவில்லை. கடைசி வரிசையில் உட்காருவார். மற்றவர்கள் வாய்விட்டு வேண்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதையாவது கேட்கவே பயம்.

சனிக்கிழமை லீவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றைக்குச் செல்போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். லிஃப்ட் பள்ளத்துக்குள் இறங்கி முழங்கைவரை கிரீஸோடு வேலையில் மூழ்கிவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால்கூட, கடைசிப் பந்தயம் முடிகிற நேரம் தாண்டும்வரை வெளியே வருவதில்லை.