துடைப்பத்துக்கு ஒளிவட்டம்

உங்கள் வீட்டுத் துடைப்பத்துக்கு ஒளிவட்டம் உண்டா? இல்லை என்று இவ்வளவு வேகமாகத் தலையாட்டுகிறீர்களே, சோதித்துப் பார்த்துவிட்டா ஆட்டுகிறீர்கள்? துடைப்பம் என்றால் சோதிக்காமலே இல்லை என்பீர்கள். ஒரு மனிதன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டால் சோதிக்காமலே உண்டு என்பீர்கள். நம் அறிவு இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. அசையாதம்மாவின் கதையைக் கேளுங்கள்.

அவள் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் பதினெட்டு வருடம் பாஸ்போர்ட் படம் எடுத்தவள். "அசையாதீங்க, அசையாதீங்க" என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி அதுவே பேராகிவிட்டது. ஜன்னலில்லாத பின்னறை, ஒரு வெள்ளைத் திரை, ஒரு கறுப்புத் திரை, கண்ணாடியோடு நூலில் கட்டிப்போட்ட சீப்பு, விண்ணப்பப் படத்துக்காக ஊரே மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும், கழுத்துப்பட்டை பிசுபிசுத்த ஒரு கறுப்புக் கோட்டு. இவ்வளவுதான் அவள் உலகம்.

மத்தியானம் ஒரு மணிக்கு முதலாளி சாப்பிடப் போவார். ஷட்டரை இறக்கி, விளக்கை அணைத்து, அவள் தன் விளையாட்டைத் தொடங்குவாள். கேமராவை முக்காலியில் நிறுத்தி அதன் கண்ணை இருபது நொடி திறந்து வைப்பாள். அந்த நேரத்துக்குள் சாவிக்கொத்து டார்ச்சால் காற்றில் கோடு இழுப்பாள். கண்ணுக்கு அது அந்தந்தக் கணத்தோடு போய்விடும்; கேமரா ஒன்றையும் விடாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். முதல் மாதம் வெறும் தீற்றல். எழுதிய எழுத்தெல்லாம் இடவலம் மாறி வந்தது. வெளிர்நிறச் சேலை கட்டிய நாளில் அவளே ஆவி மாதிரி விழுந்தாள். அப்புறம்தான் அந்தக் கறுப்புக் கோட்டை மாட்டிக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டாள். அவள் மறைந்தாள்; வெளிச்சம் மட்டும் நின்றது.

டார்ச்சில் மூன்று சின்ன பல்புகள். ஒன்றுக்கு உள்ளே கம்பி தளர்ந்து, விட்டு விட்டு எரியும். அதனால் அவள் இழுக்கும் எந்தக் கோட்டிலும் இரண்டு இழை முழுசாகவும் மூன்றாவது புள்ளி புள்ளியாகவும் விழும். புது டார்ச் வாங்கிக்கொள்ளலாம்தான். "இது என் கையெழுத்து" என்று வைத்துக்கொண்டாள். அங்கேதான் சனியன் பிடித்தது.

அந்தப் படங்களைப் பார்த்திருந்த முதலாளி ஒருநாள் கை ஐயாவை அழைத்து வந்தார். கை வைத்தால் நோய் தீரும் என்று பிழைப்பு நடத்தும் மனிதர்.

"ஐயாவுக்கு விளம்பரத்துக்குப் படம் வேணுமாம். உன் மத்தியான வித்தைய இவருக்கும் காட்டேன்."

"மண்டைக்குப் பின்னாடி வருமாம்மா?" என்றார் கை ஐயா.

"எங்க வேணும்னாலும் வரும். இருபது நொடி அசையாம இருக்கணும்."

"இருபதா? நோயாளியத் தொடக்கூட நான் அவ்வளவு நேரம் எடுக்கறதில்ல."

சொன்னவரே சிரித்தார். அவளும் சிரித்துத் தொலைத்தாள். அவர் பின்னால் நின்று ஒரு சுற்று சுற்றினாள்; பக்கத்தில் வந்து முகத்தின்மேல் ஒரு ஃப்ளாஷ். முடிந்தது வேலை.

பத்தே நாளில் தெருவெல்லாம் சுவரொட்டி: "கேமரா கண்ட ஒளி!" கம்பி தளர்ந்த பல்பின் புள்ளிகளைச் சீடர்கள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். இருபத்தொன்று. ஆகவே ஐயா தீர்ப்பது இருபத்தொரு நோய்! எந்தப் புள்ளி எந்த நோய் என்று அட்டவணை போட்டு, சட்டைப்பை அளவில் அட்டையும் அடித்து விற்றார்கள். பாமரர்கள்தான் வாங்கினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் ஒரு மகானுபாவர் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்து, உடம்பிலிருந்து கிளம்பும் அலைகளைப் பற்றி அவளுக்கே பாடம் நடத்தினார்.

"சார், அது டார்ச்."

"உனக்கு என்னம்மா தெரியும்? கேமரா பொய் சொல்லுமா?"

இதைக் கேட்டபோது அவர் மேல் கிடந்தது அந்த இரவல் கோட்டு.

அசையாதம்மா அன்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். அக்கா வீட்டுக்குப் போன அன்றுதான் சிரிப்பு செத்தது. அக்கா தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவள். பல வருடச் சர்க்கரை நோயாளி. காலில் கத்தரிக்கோல் விழுந்த புண் ஆறாமல் கிடந்தது. இப்படியே போனால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் இருந்தது. அதன்மேல் கை ஐயாவின் அட்டை. பதின்மூன்றாம் புள்ளி மட்டும் விரல் பட்டுப் பட்டு வெளுத்திருந்தது.

"பதிமூணுதான் சர்க்கரை. காலையில எழுந்ததும் தொட்டுக்கறேன்."

"மாத்திரை?"

"நம்பிக்கையும் மாத்திரையும் ஒரே வயித்துல இருக்காதுன்னு ஐயா சொல்லிட்டாரு."

"அக்கா, அந்த வட்டம் என் டார்ச். அந்தப் புள்ளி என் டார்ச்சோட கோளாறு!"

"எடுத்தது நீ, ஒளி வந்தது அவருக்குத்தானே? உன் நாற்காலியில ஊரே உக்காந்துச்சு, யாருக்குடி வந்துச்சு? உன் புருஷனுக்கு வருமா?"

"அவருக்கு எங்க இருபது நொடி அசையாம உக்கார நேரம்? பஸ் ஓட்டுறாரு."

மறுநாள் ஒரு மணிக்கு அக்காவைத் தாங்கித் தாங்கிப் பின்னறைக்குக் கூட்டிவந்தாள். கை ஐயா உட்கார்ந்த அதே நாற்காலியில் ஸ்டூடியோவின் துடைப்பத்தைச் சாய்த்தாள். விளக்கை அணைத்துக் கோட்டை மாட்டினாள். மெதுவாக ஒரு சுற்று, ஒரு ஃப்ளாஷ்.

கேமராவின் திரையில் துடைப்பம் வீற்றிருந்தது. பின்னால் ஜொலிக்கும் வட்டம். இரண்டு இழை, ஒரு புள்ளிவரிசை. அக்கா விரலை வைத்து எண்ணினாள். முப்பத்து மூன்று.

"உங்க ஐயாவ விடத் துடைப்பம் பன்னிரண்டு நோய் கூடத் தீர்க்குது. காலைக் கொண்டுபோய் அதுகிட்ட காட்டு."

"நீ ஏதோ பண்ணியிருப்ப."

"ஆமா, பண்ணினேன். அதத்தானே நேத்துல இருந்து கத்தறேன்! இந்தா, இப்ப நீ பண்ணு."

அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டாள். இருட்டில் பயந்துபோய் வேகமாகச் சுற்றினாள். படம் வந்தது. வட்டம் கோணல். புள்ளிகள் ஒன்பது. மறுபடி எண்ணினாள், ஒன்பதேதான். சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"ஒம்பதுதான் இருக்கு. சர்க்கரை எங்கடி?"

"அது உன் ரத்தத்துல இருக்கு."

அக்கா கோட்டைக் கழற்றினாள். பிறகு கேட்டாள்: "ஆஸ்பத்திரி எத்தனை மணிவரைக்கும்?"

சுண்டுவிரல் போயிற்று, கால் தப்பியது. இரண்டு மாதம் புள்ளியைத் தொட்டதற்கு ஒரு விரல் காணிக்கை.

அசையாதம்மா துடைப்பத்தின் படத்தைப் பெரிதாக அடித்து ஸ்டூடியோக் கண்ணாடிப் பெட்டியில், கை ஐயாவின் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். கீழே எழுதினாள்: "முப்பத்து மூன்று புள்ளி. நான்தான் சுற்றினேன். உள்ளே வந்தால் நீங்களும் சுற்றலாம்."

"யாரக் கேட்டு மாட்டின? கழட்டு!" என்றார் முதலாளி.

"ரெண்டையும் கழட்டுறதா இருந்தா கழட்டறேன்."

"கடைச் சாவிய வச்சுட்டுப் போ."

வைத்தாள். டார்ச்சை மட்டும் கொத்திலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டாள். படம் தொங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில் அந்த இயற்பியல்காரரும் வாசலில் நின்று துடைப்பத்தையும் ஐயாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து டார்ச்சைச் சுற்றிப் பார்க்காமலே போயிருந்தார். சுவரொட்டிகள் இன்றும் கிழியவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். இன்றைக்கே ஓர் அறையை இருட்டாக்குங்கள். கேமராவின் கண்ணை இருபது நொடி திறந்து வையுங்கள். துடைப்பத்துக்குப் பின்னால் நின்று டார்ச்சைச் சுற்றுங்கள். அந்தப் படத்தை, ஒளிவட்டத்தைக் கும்பிடும் ஒரே ஒருவருக்காவது காட்டி, டார்ச்சை அவர் கையில் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: உங்கள் வீட்டில் யாருடைய மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடக்கிறது என்று எழுந்துபோய்ப் பாருங்கள்.