கேசட்டுக்குள் வைத்த தாள்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் செய்யும் தொழில் இல்லை அது. ஆன்சியோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. தெருவில் போலீஸ் வண்டி போனால், ஒரு தப்பும் செய்யாமலே கையிலிருப்பதைப் பின்னால் மறைத்துக்கொள்வாள். முப்பத்தாறு வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. அப்படிப்பட்டவள் 'உப்புக்காத்து' என்ற பெயரில் பாட்டுக் கம்பெனி நடத்தினாள் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ராயபுரத்துச் சந்து ஒன்றில் மாடித் தகரக் கொட்டகை, ஒரு லேப்டாப், உள்ளங்கை அகல ரெக்கார்டர், ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பாட்டை ஏற்றும் பழைய டெக் ஒன்று. அவ்வளவுதான். பகலில் கண்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பரும் டிரைவர் பெயரும் எழுதுவது அவளுடைய உத்தியோகம். மிச்ச நேரத்தில் எர்ணாவூர்ப் பையன்களின் ராப்பையும் புளியந்தோப்பு மரண கானாவையும் பதிவு செய்வாள். எதை எந்த எஃப்.எம்.காரனும் தொடமாட்டானோ அதைத்தான் அவள் தேடிப் போவாள். நெட்டில் ஏற்றிவிட்டு, கூடவே நூறு கேசட்டும் போடுவாள்.

"கேக்கறதுக்கு மெஷினே எவன் வூட்லயும் இல்ல. இத்த வாங்கிகினு போயி இன்னா பண்ணுவானுங்க?" என்று அம்மா அடைக்கலமேரி கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"கைல வெச்சிப் பாக்கறதுக்கு," என்பாள் ஆன்சி.

அது உண்மைதான். பார்ப்பதற்கு அதில் ஒரு விஷயம் இருந்தது. கேசட் பெட்டிக்குள் மடித்து வைக்கும் உள்தாள். பாடியவர் பெயர், டோலக் அடித்தவர் பெயர், பின்பாட்டுப் பாடியவர்கள் ஒவ்வொருவரின் பெயர், அவரவர் தெரு, பிளாக் நம்பர், பதிவுக்குக் கரண்ட் கொடுத்த வீட்டுக்காரர் பெயர் வரை அதில் இருக்கும். அவள் அப்பா ஜார்ஜ் ஹார்பரில் மூட்டை தூக்கியவர், நல்ல குரல். ஒரு காலத்தில் அவர் பாடிய கானா எங்கோ கேசட்டாக வந்தபோது அட்டையில் 'குழுவினர்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அவர் சாகும்வரை அந்தக் கேசட்டை யாரிடமும் காட்டவில்லை. தன் கம்பெனியில் ஒருவரும் குழுவினர் ஆகக் கூடாது என்பது ஆன்சியின் வைராக்கியம். ஒரே ஒரு பெயர் மட்டும் எந்தத் தாளிலும் இருக்காது, அவளுடையது. கேட்டால், "நமக்கு எதுக்குப் பேரு," என்று சிரிப்பாள். அடக்கமான பொண்ணு என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படியே நம்பிக்கொண்டாள்.

பன்னிரண்டாவது கேசட் ஜெயவேலின் சாவு.

எர்ணாவூரில் ஒரு ஆலையின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய ஜெயவேல் உயிரோடு ஏறி வரவில்லை. குடித்துவிட்டு விழுந்துவிட்டான் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். ஜெயவேல் வீடு இருந்த புளியந்தோப்புக் குடியிருப்பில், உடம்பு போஸ்ட்மார்ட்டம் முடிந்து வரக் காத்திருந்த மத்தியான வெயிலில், ஜெயவேலின் அக்கா பூவம்மா யாரும் எதிர்பாராமல் பாட ஆரம்பித்தாள். அவள் பாட்டுக்காரி இல்லை. துணி தைக்கிறவள்.

'குடிச்சி வுழுந்தான்னு சொல்றியே ராசா, குழிக்குள்ள எறக்குன கையி யாரு கையி?' என்று அவள் கேட்க, ஜெயவேலோடு வேலை செய்த நாலு பேர் மாடிப்படியில் உட்கார்ந்தபடி, 'நாங்க பாத்தோம் யக்கா, நாங்க பாத்தோம்' என்று வாங்கிப் பாடினார்கள். அந்த நாலு பேரில் வல்லரசு டோலக் அடித்தான். மரண கானா பதிய வந்திருந்த ஆன்சி பிளாஸ்டிக் நாற்காலியில் ரெக்கார்டரை வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

பாட்டு காட்டுத்தீயாய்ப் பரவியது. உடம்பு மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. எர்ணாவூர் முதல் பெரம்பூர் வரை ஆட்டோக்களில் பூவம்மா குரல்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். முழுக்கைச் சட்டை, மரியாதையான பேச்சு. ஆன்சிக்குத் தலைகால் புரியவில்லை. வீடு தேடி வந்து கேசட் கேட்டவர்கள் அதுவரை ஏழு பேரைத் தாண்டவில்லை.

"யக்கா, இந்த 'நாங்க பாத்தோம்' பாட்டு கேசட்டு உங்ககிட்டதான் கெடைக்கும்னாங்க."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். டீ கொடுத்தாள். ஒருவன் பெட்டியைத் திறந்து உள்தாளை உருவி, விரித்து, நிதானமாகப் படித்தான்.

"இந்த வல்லரசு, எர்ணாவூர்ல எந்தப் பக்கம்க்கா? பிளாக்கு மட்டும் போட்டுகீது."

"தண்ணி டேங்குக்கு எதுத்தாப்புல," என்றாள் ஆன்சி, பெருமையோடு. தன் கலைஞர்களைப் பற்றி விசாரிக்கிறார்களே. "நம்ம பாரி பக்கத்து பிளாக்குதான். மத்த ரெண்டு பேரும் திருவொத்தியூரு."

அவன் தலையாட்டினான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கேசட்டைப் பெட்டியோடு மேசையில் வைத்து, அவள் பக்கம் தள்ளினான்.

"கேசட்டு வேணாம்க்கா. இந்தப் பேப்பரு போதும்."

பைக் சந்து முனையைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. 'நாங்க பாத்தோம்' என்று பாடிய நாலு பேரின் பெயரும் விலாசமும். சாட்சிப் பட்டியலை அச்சடித்து, மடித்து, டீயும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள். அவள் வைத்தது அடுத்தவர் வீட்டுக்கு.

உடனே வல்லரசுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஞாயிறு முழுக்க சுவிட்ச் ஆஃப்.

திங்கட்கிழமை வீடியோக்கள் வந்தன. ஒரே சுவர், ஒரே மர நாற்காலி, நாலு பேர், ஒவ்வொருவராக. "ஜெயவேலு அன்னிக்கிக் குடிச்சிருந்தாப்ல. சொல்லச் சொல்லக் கேக்காம அவராத்தான் எறங்குனாரு. பாட்டுல நாங்க பாடுனது பொய்யி." உள்தாளில் இருந்த அதே வரிசை. முதலில் வல்லரசு. இரண்டாவது வந்தவன் "எம் பேரு பாரிவேந்தன்" என்றபோது ஆன்சி வீடியோவை நிறுத்தினாள். அவன் பெயர் வெறும் பாரி. தாளில் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அவள்தான் வேந்தனைச் சேர்த்திருந்தாள். அவனுக்கு நேராக யாரோ அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அடுத்த இரண்டு நாள் ஆன்சி வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். நெட்டிலிருந்து பெயர்களை எடுத்தாள். மிச்சக் கேசட்டுகளை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தண்ணி கேன் போடுகிறவனின் வண்டி நின்றால்கூடக் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். எதற்கென்று மகளும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் விட அவளைப் பயமுறுத்தியது ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. அன்று பூவம்மா பாடத் தொடங்குவதற்கு முன்பே ரெக்கார்டர் ஓட ஆரம்பித்திருந்தது. நாற்பது நிமிடம். பாட்டில்லாத பேச்சு என்று அவள் வெட்டி ஒதுக்கிய பகுதி அது. அதில் வல்லரசு தெளிவாகச் சொல்கிறான். "நான்தான் கயிறு கட்டுனேன். முகமூடி கேட்டோம், ரெண்டு நிமிஷ வேலைதான் எறங்குடான்னாரு காண்ட்ராக்டரு. டீ கூடக் குடிக்கல அவன்." பாரி நடுவில் அழுகிறான். செவ்வாய்க்கிழமை அதை அழிக்கக் கைவைத்தாள். 'நிரந்தரமாக நீக்கவா?' என்று கேட்டது மெஷின். இல்லை என்றும் சொல்லாமல், ஆமாம் என்றும் சொல்லாமல் லேப்டாப்பை மூடிவைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் கதவு தட்டும் சத்தம். பூவம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால், படியில் ஒரு கால் வைத்தபடி, வல்லரசு. முகத்தில் காயம் எதுவும் இல்லை. காயம் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று நினைக்கும்படி இருந்தது முகம்.

ஆன்சி அழுதுவிட்டாள். "யக்கா, நான்தான். நான்தான் பேப்பரக் குடுத்தேன். எந்தப் பிளாக்குன்னு வழி வேற சொன்னேன்."

"தெரியும்," என்றாள் பூவம்மா. உட்காரவில்லை. "இவனுங்க பேசுனதுல எனக்குக் கோவம் இல்ல. புள்ளகுட்டிக்காரனுங்க. ஆனா வெள்ளிக்கெழம ஜெயவேலு சாவப் பத்தி சர்க்காரு விசாரண. வீடியோவ வெச்சி எந்தம்பி குடிச்சிட்டுச் செத்தான்னு எழுதி முடிச்சிட்டா, அவன் புள்ளைங்க நாளைக்கு இஸ்கோலுல இன்னா சொல்லும்? வக்கீலு செல்வநாதன் சாரு, அன்னிக்கிப் பதிஞ்சது எதுனா கீதான்னு கேக்கறாரு."

ஆன்சி மூடிக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்துவிடும். வல்லரசு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

"பாட்டுக்கு முன்னாடி நான் பேசுனேனே. மிஷினு ஓடிகினு இருந்துச்சி, செவப்பு லைட்டு பாத்தேன்."

"அத்தக் குடுத்தா உன்ன சும்மா உடுவானுங்களா?" என்றாள் ஆன்சி.

"வேலைய வுட்டு நேத்தே தூக்கிட்டானுங்க. வீடியோ எடுத்துகினு, அப்பறம் தூக்குனானுங்க." கசப்பாகச் சிரித்தான். "நான் பயந்துகினு பேசுனது காண்ட்ராக்டரு கைல கீது. பயப்படாம பேசுனது உன் கைல கீது. எத்த வெளிய உடணுமோ உடு. மத்த மூணு பேருகிட்டயும் கேட்டுட்டேன்."

கொடுத்துவிடலாம். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் அவர்கள் பாடு. ஆன்சி அப்படித்தான் நினைத்தாள். லேப்டாப்பைத் திறக்கவும் போனாள். அப்போது பூவம்மா ஒன்று சொன்னாள்.

"சும்மா குடுத்தா செல்லாதாம். பதிஞ்சவங்க யாரு, எந்த மிஷின்ல, எங்க வெச்சிப் பதிஞ்சாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். பேரு, வெலாசம், எல்லாம்." பையிலிருந்து தன்னிடமிருந்த உள்தாளை எடுத்து விரித்தாள். "இதுல தேடிப் பாத்தேன். கரண்ட் குடுத்தவன் பேரு கூட கீது. உன் பேரு எங்கம்மா?"

நமக்கு எதுக்குப் பேரு என்று சொல்ல வாயெடுத்தாள் ஆன்சி. அடக்கமாம், அடக்கம். யார்டு முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், போலீஸ் வந்தால் அம்மா தாங்கமாட்டாள், வம்பு பிடித்த பாட்டுக்கு யாராவது ஆள் அனுப்பினால் தன் வாசலுக்கு வரக்கூடாது. முதல் கேசட்டிலிருந்து அவள் கணக்கு அதுதான். பாடியவர்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து அத்தனை பேரையும் முன்னால் நிறுத்திவிட்டு, பன்னிரண்டு கேசட்டிலும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தால் பயம் ஒரு துளியும் குறையவில்லை.

சுவரோரம் நின்ற அடைக்கலமேரிதான் பேசினாள். "உங்கப்பன் அந்தக் கேசட்டப் பொட்டில போட்டுப் பூட்டி வெச்சாரு. நீ உன்னயே பூட்டி வெச்சிகினு இருக்க."

வெள்ளிக்கிழமை விசாரணை அலுவலகத்தில் ஆன்சியின் முறை வந்தது. எழுத்தர் தலை நிமிராமல், "பேரு?" என்றார். பதினோரு வருடமாக யார்டு கேட்டில் அவள் கேட்ட அதே கேள்வி, அதே குரல். எத்தனை டிரைவர்கள் அதற்குத் தயங்கி நின்றார்கள் என்பது அன்றுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"ஆன்சி. அப்பா பேரு ஜார்ஜ்." விலாசம் சொன்னாள். கதவு நம்பரும் சொன்னாள். பேனா வழுக்கியது, உள்ளங்கை அவ்வளவு வியர்த்திருந்தது. கையெழுத்து அவளுடையது மாதிரியே இல்லை. எழுத்தர் இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டாள்.

நாற்பது நிமிடத்தையும் கேட்டார்கள். வல்லரசு குரல் வந்தபோது வல்லரசு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிவு அடுத்த வாய்தாவில் என்றார்கள். வீடியோவை மட்டும் வைத்து முடிக்க முடியாது என்று செல்வநாதன் பூவம்மாவிடம் சொன்னார். பூவம்மா கும்பிட்டாள், யாரை என்று தெரியவில்லை.

வெளியே வந்தால் எதிர் டீக்கடையில் அந்தப் பைக் நின்றது. அதே இரண்டு பேர். முழுக்கைச் சட்டைக்காரன் ரோட்டைக் கடந்து, நேராக ஆன்சியிடம் வந்தான். பூவம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள். அன்று போலவே மரியாதையாகச் சிரித்தான் அவன்.

"இன்னாக்கா, சௌக்கியமா? உங்கள இங்க எதிர்பாக்கல."

ஆன்சிக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. கால் அசையவில்லை, அது நல்லதாகப் போயிற்று. பைக்குள் கைவிட்டு, முந்தின நாள் கல்மண்டபத்தில் புதிதாக அச்சடித்த உள்தாள் ஒன்றை எடுத்தாள். மேலே முதல் வரி, மற்ற எல்லாப் பெயர்களுக்கும் முன்னால்: பதிவும் வெளியீடும், ஆன்சி ஜார்ஜ். கீழே வீட்டு விலாசம், கதவு நம்பரோடு. நீட்டினாள். தாள் படபடவென்று ஆடியது. காற்றே இல்லை. அவன் பார்க்கட்டும் என்று கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றாள்.

"இந்தா நைனா. அன்னிக்கி நீ வாங்கினு போன பேப்பர்ல ஒரு பேரு உட்டுப்போச்சி."